ஏழு நாள் கணக்கு

சென்னையில் எங்கள் தெருமுனையில் ஒரு டெங்கு போர்டு இருக்கிறது. 2017-ல் தமிழ்நாட்டையே டெங்கு ஆட்டிப்படைத்தபோது வைத்தது. 'ஏடிஸ் கொசு உற்பத்தி மூலாதாரங்களைக் கண்டறிந்து அகற்றி ஒத்துழைப்பு நல்குவீர்.' பக்கத்தில் பூனை சைஸுக்கு ஒரு கொசு. நூறு தடவையாவது படித்திருப்பேன். இருந்தும், போன வருஷம் என் மகளுக்கு டெங்கு வந்தது.

நானும் சும்மா இருக்கவில்லை. ராத்திரி தவறாமல் கொசுவலை. வாசல் சாக்கடைக்கு பிளீச்சிங் பவுடர். டாக்டர் நிதானமாகக் கேட்டார்: "மொட்டை மாடியில தண்ணி டிரம் இருக்கா?" இருந்தது. "டெங்கு கொசு பகல்ல கடிக்கும் சார். அதுக்கு சாக்கடை வேணாம், தேங்கின நல்ல தண்ணியே போதும்."

நான் வாசலைப் பூட்டிக்கொண்டிருந்தேன். திருடன் மாடி வழியாக வந்துவிட்டான். நாலு நாள் பிளேட்லெட் எண்ணிக்கொண்டு கிடந்தோம். நல்லவேளை, பிழைத்துக்கொண்டாள்.

போர்டு பொய் சொல்லவில்லை. 'செய்' என்றது, 'ஏன்' என்று சொல்லவில்லை. அதுதான் என் புகார். 'வாரம் ஒருமுறை தொட்டியைக் கழுவுங்கள்' என்றால், 'பத்து நாளைக்கு ஒருமுறை கழுவினா என்ன?' என்றுதான் யாருக்கும் தோன்றும். அதுவும் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெருவில்!

நான் பி.காம்., கணக்காகச் சொன்னால் புரியும். ஒரு கொசு ஒரு தடவைக்குச் சுமார் 100 முட்டை இடும். முட்டை, புழுவாகி, கொசுவாகிப் பறக்க 7 முதல் 10 நாள். அதனால்தான் வாரம் ஒருமுறை. வெறுமனே தண்ணீரைக் கொட்டினாலும் போதாது. முட்டைகள் டிரம்மின் உள்சுவரில், தண்ணீர் மட்டத்தை ஒட்டி இருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. திரும்பத் தண்ணீர் நிரப்பினால் பொரித்துவிடும். ஆகவே பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். பிறகு இறுக்கி மூட வேண்டும்.

இவ்வளவுதான் விஷயம். மூன்றாம் வகுப்பைத் தாண்டாத என் அம்மாவிடம் சொன்னேன். "இதை அந்த போர்டுல இப்படியே எழுதினா என்னடா?" என்றாள். மறுநாள் காலை ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டை உருவிக்கொண்டு வந்தாள். உள்ளே புழு நெளிந்தது. அந்தத் தட்டைப் பற்றி போர்டும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. காரணம் தெரிந்ததால் இடத்தை அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

சரி, உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கடைசியாக எப்போது எட்டிப் பார்த்தீர்கள்?