பாட்டும் பூட்டும்

துருக்கியப் பேரரசு தளர்ந்த 1878! அல்பேனிய மண்ணை அண்டை நாடுகள் பங்கு கேட்டன. அம்மக்களோ முஸ்லிம், ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்கர் எனப் பிரிந்து நின்றனர். அந்நாட்களை ஒட்டிப் பிறந்ததே, அல்பேனியாவை விளித்துப் பாஷ்கோ வாசா எழுதிய பாடல்.

கவிஞர் கத்தோலிக்கர், சுல்தானின் அலுவலர். எனினும், மாதாகோயிலையும் மசூதியையும் கடந்த இனப்பற்றையே வேண்டினார். பாடலின் வலிமை எது? நாட்டை நலிவுற்ற தாயாக நிறுத்தி, மக்களின் மானத்தைத் தொட்டு வினவுவதே! அது ஆணையிடவில்லை, அழைக்கிறது. 1912-இல் விடுதலையை அறிவித்த இனத்தின் உணர்வுக்கு அவ்வழைப்பு உரமாயிற்று.

அக்கருத்தை என்வர் ஹோஜாவின் ஆட்சி என்ன செய்தது? 1967-இல் வழிபாட்டிடங்களைப் பூட்டிற்று. 1976-இல், எம்மதத்தையும் அரசு ஏற்காது என அரசியல் சட்டத்திலேயே எழுதிற்று. மதகுருமார் சிறைப்பட்டனர். கடவுள் நீங்கிய பீடத்தில் தலைவர் ஏற்றப்பட்டார்!

மதம் ஒழிந்ததென நாம் மகிழ்வதா? மகிழோம்! சிந்தனையால் திறக்க வேண்டிய மனத்தைச் சிறைக்கதவால் அடைப்பது பகுத்தறிவன்று. அதுவும் ஓர் அடக்குமுறையே. 1990-இல் தடை தளர்ந்ததும் மக்கள் மீண்டும் வழிபடத் திரண்டனர். கேள்வி கேட்கப் பழக்காத ஆட்சி, நம்பிக்கையை மறைத்ததேயன்றி மாற்றவில்லை.

பூட்டு தோற்றது. நெஞ்சை நோக்கிப் பேசிய பாட்டோ, இன்றும் வாழ்கிறது!