ஃபுரொமெல் போர்ப் புதைகுழிகள்: தொல்லியல் கண்டது எது?

முதல் உலகப் போரில், 1916 சூலை 19 மாலை வடபிரான்சின் ஃபுரொமெல் ஊரருகே தொடங்கிய தாக்குதலில், ஆத்திரேலியப் படையில் ஒரே இரவில் 5,533 பேர் இறந்தோ காயமுற்றோ காணாமற்போயோ சிறைப்பட்டோ போயினர். தம் பகுதியில் கிடந்த எதிரிகளின் உடல்களை செருமானியர் ஃபெசன்ட் வுட் என்னும் தோப்பின் ஓரம் பெருங்குழிகளில் புதைத்தனர். போருக்குப் பின் உடல்களைத் தேடியவர்கள் இக்குழிகளைக் காணவில்லை.

இவற்றைத் தொல்லியல் கண்டுபிடித்தது என்பது பாதி உண்மையே. குழி வெட்டுமாறு பவேரியப் படைப்பிரிவு இட்ட ஆணை, வான்வழி ஒளிப்படங்கள், செஞ்சிலுவைச் சங்கக் கோப்புகள் ஆகியவை ஏற்கெனவே காப்பகங்களில் இருந்தன. இத்தகைய சான்றுகளைத் தொகுத்து விடாது வலியுறுத்தியவர் மெல்பேர்ண் ஆசிரியர் லாம்பிஸ் எங்கிலேசோசு. அதிகாரிகள் அதை ஏற்கப் பல ஆண்டுகள் பிடித்தன.

தொல்லியலின் பங்கு உறுதிப்படுத்தலில் உள்ளது. 2007 கள ஆய்வில் ஆத்திரேலியப் பதக்கம் கிடைத்தது. 2008 சோதனை அகழ்வு, உடல்கள் இடம் மாற்றப்படவில்லை எனக் காட்டியது. 2009இல் 250 உடல்கள் மீட்கப்பட்டன. ஒவ்வோர் உடலும் அதனுடன் கிடைத்த பொருள்களும் தனித்தனியே பதிவானதால், மரபணு ஒப்பீட்டின் மூலம் 150க்கும் மேற்பட்டோர் பெயர் பெற்றனர்.

ஆனால் அந்த ஒப்பீட்டுக்கு உறவினரின் மாதிரி வேண்டும். தொண்ணூறு ஆண்டுத் தாமதத்தில் பெற்றோரும் உடன்பிறந்தோரும் மறைந்துவிட்டனர். ஃபுரொமெல்லை அறிவியலின் வெற்றியாக மட்டும் எழுதும் கட்டுரைகள், ஆவணங்கள் படிக்கப்படாமல் கிடந்த அந்தக் காலத்தை மறைத்துவிடுகின்றன.