200 அடியில் ஒரு முடிவு

அஜய் தேவ்கன் இயக்கி நடித்து 2022-ல் வந்த 'ரன்வே 34' இந்திப் படத்துக்கு ஆதாரம் ஒரு நிஜச் சம்பவம். 2015 ஆகஸ்ட்டில் தோஹாவிலிருந்து வந்த ஜெட் ஏர்வேஸ் விமானம், ஓடுதளம் தெரியாமல் கொச்சியில் மூன்று தடவை இறங்க முடியாமல் திருவனந்தபுரம் போய், எரிபொருள் தீரும் தறுவாயில், ஏழாவது முயற்சியில் தரை தொட்டது. எல்லோரும் பிழைத்தார்கள்.

முதல் பாதி நகம் கடிக்க வைக்கிறது. என் புகார் வேறு.

ஐ.எல்.எஸ். என்கிற ரேடியோ சமாசாரம் எளிமையானது. ஓடுதளத்தின் மறுகோடியில் ஓர் ஆன்டெனா. அதன் அலையில் 90, 150 ஹெர்ட்ஸ் என்று இரண்டு சுருதிகள். இடப்பக்கம் விலகினால் 90 ஓங்கும், வலப்பக்கம் என்றால் 150. இரண்டும் சமமாக இருந்தால் நேர்க்கோட்டில் வருகிறீர்கள். இன்னொரு ஆன்டெனா இதே வித்தையை மேல்-கீழாகச் செய்து, சுமார் 3 டிகிரி சரிவில் இறக்குகிறது. கல்வராயன் மலையில் வெள்ளிமலையிலிருந்து பனிமூட்டத்தில் கச்சிராயபாளையம் இறங்கும் பஸ் டிரைவருக்கு ரோட்டோர வெள்ளைக்கோடு மாதிரி. என்ன, பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்திவிடலாம்.

சாதாரண ஐ.எல்.எஸ். கொண்டுவிடுவது 200 அடி உயரம் வரைதான். அங்கே ஓடுதளமோ விளக்கோ கண்ணில் படவில்லை என்றால் மறுபேச்சில்லாமல் மேலே போயாக வேண்டும். கருவியைவிட முக்கியம் இந்த விதி.

படத்தில் ஹீரோவுக்கு அபார ஞாபகசக்தி. பெங்களூர் போகலாம் என்று துணை விமானி ரகுல் பிரீத் சிங் சொல்வதைக் கேட்பதில்லை. பின்பாதியில் விசாரணை அதிகாரி அமிதாப் பச்சன் சரியான கேள்விகள்தான் கேட்கிறார். ஆனால் காமிரா என்னவோ ஹீரோ பக்கம்.

பின்னணி இசை இல்லாமல் இதுபோல ஒன்று மங்களூரில் நடந்திருக்கிறது. 2010 மே 22. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் இருக்கவேண்டியதைவிட ரொம்ப உயரத்தில் வந்தது. துணை விமானி 'கோ அரவுண்ட்' என்றார். காப்டன் கேட்காமல் இறக்கினார். 158 பேர் இறந்தார்கள், 8 பேர் பிழைத்தார்கள்.

"ஒண்ணும் தெரியலை, வேற ஊருக்குப் போயிரலாம்" என்று 200 அடியில் முடிவெடுத்து, பயணிகளின் வசவோடு பெங்களூரில் பத்திரமாக இறங்கும் காப்டனை வைத்து யாராவது படம் எடுங்களேன். முதல் டிக்கெட் எனக்கு.