படிக்க வைப்பதும் படிக்க விடுவதும்

மாலை ஆறரை மணிக்கு மேல் தமிழ்நாட்டின் நகர, சிறுநகர வீடுகள் பலவற்றில் இன்னொரு வகுப்பு தொடங்குகிறது. பையைப் பிரித்து, டைரியைப் பார்த்து, முதலில் எதை எழுதுவது, அடுத்து எதைப் படிப்பது என்று முடிவு செய்பவர் பெரும்பாலும் அம்மா. பிள்ளை எழுதும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். தப்பு வந்தால் உடனே அழிக்கச் சொல்வார். முடிந்ததும் டைரியில் கையெழுத்துப் போட்டு, மறுநாள் டைம்டேபிள் பார்த்துப் பையையும் அடுக்கி வைப்பார். பிள்ளையைப் 'படிக்க வைப்பது' என்று நாம் சொல்வது இதைத்தான்.

அக்கறையில் பிறந்த வழக்கம் இது. வேலைக்குப் போய்விட்டு வந்த களைப்போடு, அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதே, இரண்டாம் வகுப்புக் கணக்கைப் பொறுமையாகப் பார்க்கும் ஒருவரைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பிள்ளை நாளடைவில் யாரும் சொல்லாமல் தானே உட்கார்ந்து படிக்கப் பழகுவதுதான் நாம் விரும்புவது. பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வைக்கும் முறை அதற்கு எவ்வளவு துணை செய்கிறது, எங்கே தடையாகிறது? என் கருத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நேரத்துக்கும் இடத்துக்கும் பெற்றோர் பொறுப்பேற்கும்வரை இந்த முறை பழக்கத்தை வளர்க்கிறது. விடைக்கும் அவர்களே பொறுப்பேற்கத் தொடங்கியதும் அதே முறை பழக்கத்தைக் கெடுக்கிறது.

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். 'சின்ன வயதிலேயே பழகட்டும்' என்று எல்.கே.ஜி. பிள்ளைக்கே பக்கம் பக்கமாக எழுத்து வேலை தரும் பள்ளிகள் உண்டு. அதைக் கேட்டு வாங்கும் பெற்றோரும் உண்டு. இந்தச் சுமைக்கு எதிரான குரல் பழையது. எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக 1989இல் பேசியது பள்ளிப் பிள்ளைகள் சுமக்கும் புத்தகப் பையின் பாரத்தைப் பற்றித்தான். பேராசிரியர் யஷ்பால் குழு 1993இல் அளித்த அறிக்கை, தொடக்க வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே வேண்டாம், வீட்டுச் சூழலைக் கவனித்து அறியும் வேலைகள் இருந்தால் போதும் என்றது. சி.பி.எஸ்.இ. பள்ளிகள் தொடர்பான வழக்கில் 1, 2ஆம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கையும் அதையே சொல்லி, 3 முதல் 5ஆம் வகுப்புவரை வாரத்துக்கு 2 மணி நேரம், 6 முதல் 8வரை நாளுக்கு 1 மணி நேரம், அதற்கு மேல் நாளுக்கு 2 மணி நேரம் என்று உச்ச வரம்பு வைத்தது. நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு வாரம் முழுவதற்கும் 2 மணி நேரம் என்பதைப் பல வீடுகளில் ஒரே மாலையில் கடந்துவிடுகிறோம்.

வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க உளவியலாளர் ஹாரிஸ் கூப்பர். அவருடைய குழு பல ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியிட்ட முடிவின்படி, ஏழாம் வகுப்பு முதல் அந்தத் தொடர்பு தெளிவாகத் தெரிகிறது. அதற்குக் கீழே வலுவிழந்துவிடுகிறது. அப்படியானால் சிறிய வகுப்புகளில் வீட்டுப்பாடத்தால் கிடைக்கக்கூடிய பெரிய லாபம் மதிப்பெண் அல்ல, பழக்கம்தான். மூன்றாம் வகுப்பு நோட்டில் எல்லாக் கணக்கும் சரியாக இருந்தும், அவற்றைப் போட்டது பிள்ளையின் மூளை இல்லை என்றால், அந்த மாலையில் லாபம் எதுவும் இல்லை.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு முறையின் பலங்களைப் பார்ப்போம். முதல் பலம், நேரமும் இடமும் நிலைப்பது. பழக்கம் எப்படி உருவாகிறது என்று லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் பெரியவர்களை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு செயல் தானாக வரும் நிலையை எட்டச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 நாள் முதல் 254 நாள்வரை வேறுபட்டது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய கேடு வரவில்லை. பெரியவர்களுக்கே இவ்வளவு நாள் ஆகும்போது, ஜூன் மாதம் தொடங்கி ஜூலையில் 'இவனுக்குப் பொறுப்பே இல்லை' என்று தீர்ப்பு எழுதுவது நியாயமில்லை. விளையாடி, கை கால் கழுவி, ஏதாவது சாப்பிட்ட பிறகு அதே மூலையில் தினமும் பாய் விரிவதற்கு ஒரு பெரியவர் வேண்டும். டி.வி.யை அணைத்து, செல்போனை எடுத்து உள்ளே வைக்கவும் அவரே வேண்டும்.

இரண்டாவது பலம், பக்கத்தில் இருப்பவருக்குத்தான் சில விஷயங்கள் கண்ணில் படும். கரும்பலகையைப் பார்த்து எழுதியவை மட்டும் தப்பும் தவறுமாக இருந்து, புத்தகத்தைப் பார்த்து எழுதியவை சரியாக இருந்தால், அது கவனக்குறைவு என்று திட்டுவதற்கு முன் கண் டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது. மூன்றாவது, மொழிப்பாடத்துக்குக் கேட்கும் காது தேவை. பிள்ளை உரக்க வாசிக்கும்போது ழகரம் எங்கே லகரமாகிறது, தெரியாத சொல்லை எங்கே முழுங்கிவிட்டு ஓடுகிறது என்பதெல்லாம் கேட்பவருக்கே தெரியும்.

குறைகள் தொடங்கும் இடத்தைக் காட்ட ஒரே ஒரு கணக்கு போதும். 52இலிருந்து 27ஐக் கழிக்க வேண்டும். பிள்ளை 35 என்று எழுதுகிறாள். 2இலிருந்து 7 போகாது என்பதால், 7இலிருந்து 2ஐக் கழித்து 5 போட்டிருக்கிறாள். அடுத்து 5இலிருந்து 2 போக 3. அவளுக்குக் கழித்தல் தெரியும். இடமதிப்புதான் இன்னும் பிடிபடவில்லை. பக்கத்தில் இருக்கும் அம்மா, 'கடன் வாங்கணும்னு எத்தனை தடவை சொல்றது' என்று ரப்பரால் அழித்து, 5ஐ அடித்து 4 போடச் சொல்லி, 25 என்று எழுத வைக்கிறார். மறுநாள் டீச்சர் நோட்டைப் பார்க்கிறார்; எல்லாம் சரி, 'குட்'. எந்த இடத்தில் இவளுக்குப் புரியவில்லை என்பதை டீச்சருக்குச் சொல்லியிருக்கக்கூடிய ஒரே தடயம் முந்தைய நாள் மாலையே அழிந்துபோனது. தேர்வில் அதே 35 திரும்பி வரும்போது, 'வீட்டில் நன்றாகத்தானே போட்டாள்' என்று அம்மா திகைக்கிறார்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஆய்வு ஒன்று அமெரிக்காவில் 1, 2ஆம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடந்து 2015இல் வெளியானது. கணக்கு என்றாலே பதற்றம் கொள்ளும் பெற்றோர் அடிக்கடி கணக்கு வீட்டுப்பாடத்தில் உதவியபோது, அந்த ஆண்டில் பிள்ளைகள் கற்றது குறைந்தது, அவர்களுக்கும் கணக்குப் பயம் கூடியது. அதே பதற்றம் உள்ளவர்கள் அவ்வளவாக உதவாத வீடுகளில் இந்த விளைவு இல்லை. பெற்றோர் ஈடுபாடு பற்றிய ஆய்வுகளை எரிகா பட்டால், கூப்பர் முதலியோர் 2008இல் தொகுத்தபோதும், எப்போது, எங்கே வேலை செய்வது என்று வீட்டில் விதி வகுப்பதே நல்ல விளைவோடு கூடுதலாகச் சேர்ந்திருந்தது. மொழிப்பாடத்தில் பெற்றோர் ஈடுபாடு தேர்ச்சியோடு சேர்ந்து நின்றது; கணக்கில் நேர்மாறாக இருந்தது. ஏற்கெனவே கணக்கில் திணறும் பிள்ளைக்கே பெற்றோர் அதிகம் உதவுவார்கள் என்பதும் இதற்கு ஒரு காரணமாகலாம். ஆனாலும் நேரத்தையும் இடத்தையும் பார்த்துக்கொள்வது ஒரு வேலை, விடையைப் பார்த்துக்கொள்வது வேறு வேலை என்பது இதில் தெளிவாகிறது.

அடுத்த குறை வாட்ஸ்அப் குழு. இன்றைய வீட்டுப்பாடம் என்ன என்பது பிள்ளை வீடு வந்து சேரும் முன்பே அம்மாவின் போனுக்கு வந்துவிடுகிறது. கொரோனா காலத்தில் தேவைப்பட்ட ஏற்பாடு, தேவை முடிந்த பிறகும் தங்கிவிட்டது. வகுப்பில் காது கொடுத்துக் கேட்டு, தன் கையால் குறித்துக்கொண்டு வருவதுதான் படிப்புப் பழக்கத்தின் முதல் படி. அந்தப் படியையே நாம் எடுத்துவிட்டோம். ப்ராஜெக்ட் என்ற பெயரில் வரும் சார்ட், மாடல் வேலைகளும் அப்படித்தான். ஸ்டேஷனரி கடையில் படம் வாங்கி, ராத்திரி பதினோரு மணிக்கு அப்பா வெட்டி ஒட்டும்போது பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கிறது.

எல்லாவற்றையும்விடக் கவலை தருவது, இந்த முறை எல்லா வீட்டிலும் ஒரு பெரியவர் மாலையில் ஓய்வாக இருப்பார் என்று எடுத்துக்கொள்வது. பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து எட்டு மணிக்கு வரும் தாய்க்கு அந்த மாலை இல்லை. 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம், தன்னார்வலர்களைக் கொண்டு மாலை நேரத்தில் பிள்ளைகளை அவர்கள் வசிக்கும் இடத்துக்கு அருகிலேயே கூட்டி உட்கார வைத்தது. கொரோனா கால இழப்பை ஈடுகட்டத் தொடங்கிய திட்டம்தான் என்றாலும், படிக்கும் நேரத்தையும் இடத்தையும் ஊரே சேர்ந்து பிள்ளைக்குத் தர முடியும் என்பதை அது காட்டியது.

பெற்றோர் படித்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. திண்ணைப் பள்ளியில் மாலையில் பிள்ளைகளை அனுப்பும்போது ஆளுக்கு ஒரு பூவின் பெயர், ஒரு மிருகத்தின் பெயர் என்று சொல்லி அனுப்புவதும், மறுநாள் காலையில் அவர்கள் அதை மறவாமல் வந்து சொல்வதும் வழக்கமாக இருந்ததை உ.வே. சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் எழுதியிருக்கிறார். கடுமையான தண்டனைகள் நிறைந்த அந்தப் பள்ளி திரும்பி வர வேண்டியதில்லை. ஆனால் அந்த வேலையின் அளவையும், அதைக் காப்பாற்றும் பொறுப்பு முழுக்கப் பிள்ளையிடமே இருந்ததையும் கவனிக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் 'உனக்கு இன்னைக்கு என்ன பூ?' என்று கேட்டிருக்க முடியும்.

அப்படிக் கேட்பதற்கு இன்றைய ஆய்வும் வலுச் சேர்க்கிறது. படித்ததையே திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பது நெடுநாள் நிற்கிறது என்பதை உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் காட்டினார்கள். புத்தகத்தை மூடச் சொல்லி, 'எனக்குச் சொல்லிக் கொடு கண்ணு' என்று கேட்பது எந்தப் பெற்றோராலும் முடியும். பாடம் தெரியாதவர் கேட்டால் பிள்ளை இன்னும் விளக்கமாகச் சொல்லும்.

ஆகவே கூடவே இருக்கலாம். ஆனால் ஆண்டுக்கு ஆண்டு சற்றே விலக வேண்டும். முதல் இரண்டு வகுப்புகளில் கதை, உரக்க வாசிப்பு, பேச்சு போதும். மூன்று முதல் ஐந்துவரை அதே அறையில் பெரியவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம். பையைப் பிள்ளையே அடுக்கட்டும். ஆறாம் வகுப்பிலிருந்து எதை எந்த நாளில் முடிப்பது என்ற திட்டம் பிள்ளையுடையதாக வேண்டும்; முடிந்ததா என்று ஒரு முறை கேட்டால் போதும். தவறு தெரிந்தால் அழிக்காமல், ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, 'இதை டீச்சரிடம் கேள்' என்று அனுப்பலாம்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. தப்போடு அனுப்பினால் பள்ளியில் பிள்ளைக்குத் திட்டு விழும். நெருக்கடியான வகுப்பில் நாற்பது நோட்டைத் திருத்தும் ஆசிரியருக்குப் புள்ளியைப் பார்க்க நேரம் ஏது? உண்மைதான். டிக் மட்டும் விழும் பள்ளி என்றால் பெற்றோர் விலகி நிற்பதால் பிள்ளைக்கு நஷ்டமே. அங்கே அம்மா பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிகளை எடுத்து, ஒரு கட்டைப் பிரித்துக் காட்டிப் புரிய வைப்பது சரி. விடையை எழுதித் தருவது அங்கேயும் சரியில்லை. ஆனால் இந்த நிலையை மாற்ற வேண்டிய கடமை பள்ளிக்கு உண்டு. வேலையைக் குறைத்துக் கொடுத்து, கொடுத்ததை முழுதாகப் பார்த்து, 'பிள்ளையின் தப்பு எங்களுக்கு வேண்டும், திருத்தி அனுப்பாதீர்கள்' என்று பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியர் சொன்னால், பாதி வீடுகளில் மாலை நேரத்துச் சண்டை ஓய்ந்துவிடும்.

பக்கத்தில் உட்காரும் முறை பலன் தருகிறதா என்று அறிய மதிப்பெண் அட்டை உதவாது. அம்மா ஒரு வாரம் ஊருக்குப் போயிருக்கும்போது, பிள்ளை அதே நேரத்துக்கு அதே மூலையில் உட்கார்ந்து தனக்குத் தெரிந்த அளவுக்கு வேலையை முடிக்கிறதா என்று பாருங்கள். முடித்தால், அதில் இரண்டு கணக்கு தப்பாக இருந்தாலும், அந்த வீட்டில் பழக்கம் வேரூன்றிவிட்டது. முடிக்கவில்லை என்றால், இத்தனை நாளும் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தவர் யார் என்பது தெரிந்துவிடும். பொறுப்பைப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுக்கும் வேலையை அடுத்த நாளே தொடங்கலாம்.