அடியேன் என்னும் சொல்

தமிழ்ச் சங்க மலர்களில் கரிபியத் தீவுகளைப் பற்றிய கட்டுரை ஒன்றேனும் இடம்பெறுவது வழக்கமாகிவிட்டது. குவாதலூப்பில் மாரியம்மன் 'மாலியெமின்' ஆனதும், மதுரை வீரன் 'மால்தெவிலின்' ஆனதும், நம் குழம்பு அங்கே 'கொலொம்போ' என்று உண்ணப்படுவதும், கயானாவின் காளி கோயில்களில் தப்பு முழங்குவதும் கடல் கடந்து குடியேறிய நமக்கு இனிக்கும் செய்திகளே. ஆயினும் இக்கட்டுரைகளில் ஒரு குறை உண்டு. அடிமை முறை வெள்ளையர் கறுப்பின மக்களுக்கு இழைத்த தீங்கு என்றும், அதன் பின்னே சென்று துன்புற்றவர் மட்டுமே நாம் என்றும் ஒரு தொனி அவற்றில் ஒலிக்கிறது. தமிழ் வழங்கிய மண்ணிலும் அடிமை முறை இருந்தது. நாம் போற்றும் பக்திச் சொல் ஒன்றிலேயே அதன் தடம் கிடக்கிறது. அச்சொல்லை அதன் மறுபுறத்திலிருந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கோடியில், பாறசாலைக்கு அருகே உள்ளது காரோடு. 1956 நவம்பர் முதல் நாள் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு புதியது, அதன் இருபுறமும் வழங்கிய பேச்சும் பாட்டும் பழையவை. தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் ஊர்கள் அவை. ஆனால் அந்தத் திண்ணையில் எல்லோரும் அமர்ந்துவிடவில்லை.

பாறசாலையிலும் நிலையம் வைத்திருந்த இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சாமுவேல் மட்டீர், 1871இல் திருவிதாங்கூரைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 'தரும பூமி' என்று பொருள்படுவது அதன் தலைப்பு. அந்நூலில் புலையர் பேச வேண்டிய முறையை அவர் பதிவு செய்துள்ளார். புலையன் 'நான்' என்று சொல்லலாகாது. 'அடியன்' என்றே சொல்ல வேண்டும். தான் உண்பதைச் சோறு என்னலாகாது. கரிக்காடி என்று இழித்தே கூற வேண்டும். உண்ண விடை கேட்பவன் நீர் குடிக்க விடை கேட்பதாகச் சொல்ல வேண்டும். வீடு மாடம், அதாவது குடில். பெற்ற மக்களைக் குரங்கென்றோ கன்றென்றோ குறிக்க வேண்டும். இவ்வளவையும் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சொல்ல வேண்டும்.

இதனை வெறும் ஒடுக்குமுறைப் பட்டியலாகப் படித்துவிட்டுப் போவது போதாது. ஒரு மொழியின் தன்மை இடமே ஒரு கூட்டத்தாரிடமிருந்து பறிக்கப்பட்டதை இங்கே காண்கிறோம். மொழியைக் காதலிக்கும் நமக்கு இதைவிடக் கொடிய செய்தி வேறென்ன வேண்டும்? கேரளத்தில் நிலத்தை மாற்றிக்கொடுத்த ஜன்மம், காணம், பாட்டம் என்னும் மூன்று வகைகளாலேயே ஆள்களையும் மாற்றிக்கொடுத்தனர். அ.கா. பெருமாள் வெளியிட்டுள்ள நாஞ்சில் நாட்டு ஓலைகளில் ஆள் விற்ற ஓலைகளும் உண்டு. அவற்றின் மொழி தமிழ். 1836இல் எடுத்த கணக்கின்படி, திருவிதாங்கூரின் ஏறத்தாழ 12.8 இலட்சம் மக்களில் 1.6 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அடிமைகள். தனியாரிடம் மட்டுமன்றி அரசிடமும் அடிமைகள் இருந்தனர். அந்த அரசருக்கோ, 1750இல் மார்த்தாண்டவர்மர் நாட்டைத் திருவனந்தபுரத்துப் பெருமாளுக்கு ஒப்படைத்தது முதல், 'பத்மநாபதாசன்' என்று பட்டம். தாசன் என்றாலும் அடிமையே. அரசர் விரும்பிச் சூடிய பெயரைப் புலையர் வேறு வழியின்றிச் சுமந்தனர்.

இனி இலக்கியத்துக்கு வருவோம். ஆழ்வார்களும் மணிவாசகரும் ஆண்ட 'அடியேன்' என்னும் சொல்லை விளக்கும்போது நம் திறனாய்வாளர் தன்முனைப்பு அற்ற நிலை என்றும் பணிவின் சிகரம் என்றும் கூறுவர். சங்க விழாக்களின் வரவேற்புரைகளிலும் இச்சொல் தவறாமல் வரும். விளக்கம் பிழையன்று. பல்லவ அரசன் ஆணைக்குப் பணிய மறுத்த நாவுக்கரசருக்கு இறைவனின் அடிமை என்பது ஒரு கேடயம். அவனுக்கு ஆட்பட்டவன் மன்னனுக்கு ஆட்பட வேண்டியதில்லை. ஆனால் அடிமையாவதற்கு முன் தனக்குத் தானே உரியவனாக இருப்பவனுக்கே அக்கேடயம் கைகூடும். விலைப்பட்டவன் தன்னை எதைக் கொண்டு இறைவனுக்குக் கொடுப்பான்?

இந்த வினாவை அறிந்தோ அறியாமலோ மேடையேற்றியவர் கோபாலகிருஷ்ண பாரதியார். சேக்கிழார் பாடாத வேதியர் என்னும் ஆண்டையை நந்தனுக்கு எதிரே நிறுத்தியவர் அவர். சிதம்பரம் செல்ல ஆண்டையிடம் விடை கேட்கும் குரலும் ஆடவல்லானிடம் இறைஞ்சும் குரலும் அவர் கீர்த்தனைகளில் ஏறக்குறைய ஒரே குரல். கச்சேரியில் அதை உருக்கம் என்று சுவைக்கிறோம். நம் செவிக்கோ அது அச்சமாகவும் ஒலிக்கிறது. 1860களின் தொடக்கத்தில் காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் ஆதரவோடு அந்நூல் அச்சேறியது. அதே காலத்தில்தான் காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய கப்பல்கள் பிரெஞ்சுத் தீவுகளுக்குச் சென்றுகொண்டிருந்தன.

அங்கே நடந்தது வேறு. ஆங்கிலேயத் தீவுகளில் 1834இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. 1838இல் முழு விடுதலை வந்தது. ஆண்டைகளுக்கு 2 கோடி பவுன் இழப்பீடு. அடிமைகளுக்கு ஒரு காசும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் நிலப்பகுதிகளை அச்சட்டம் விலக்கி வைத்தது. பிரெஞ்சுத் தீவுகளில் விடுதலை 1848இல் வந்தது. முதல் இந்தியக் கூலிகள் மார்த்தினிக்கில் இறங்கிய 1853ஆம் ஆண்டில்தான் திருவிதாங்கூர் தன் அரசு அடிமைகளின் இனிப் பிறக்கும் குழந்தைகளை விடுவித்தது. எஞ்சியோர் 1855 வரை காத்திருந்தனர். அதே மார்த்தினிக்கில் பிறந்த எமே செசேர், கறுப்பரை இழித்துரைத்த பிரெஞ்சுச் சொல்லையே வேராகக் கொண்டு 'நெக்ரித்யூத்' என்னும் சொல்லை ஆக்கி, 1939இல் வெளியான தம் நெடுங்கவிதையில் அதை நிமிர்த்தி நிறுத்தினார். வசைச்சொல் ஓர் இலக்கிய இயக்கத்தின் பெயராயிற்று.

திருவிதாங்கூரில் அத்தகைய முயற்சி இல்லாமற் போகவில்லை. பொய்கையில் யோகன்னான் (1879–1939) அடிமைகளின் பிரிவுத் துயரைப் பாட்டாக்கினார், அது மலையாளம். எல்லைப்புறத் தமிழில் என்ன உண்டு? கோயில் கொடைகளில் வில்லும் குடமும் உடுக்கையும் ஒலிக்க இரவு முழுதும் கதை நடக்கிறது, கொலையுண்டவர் தெய்வமாகின்றனர். இரவிக்குட்டிப் பிள்ளையின் போரும் நீலியின் பழியும் பல பதிப்புக் கண்டன. நாற்று நட்டவள் வயலில் பாடிய பாட்டுக்கு அந்தப் பரிவு கிடைக்கவில்லை. நாட்டார் வழக்காற்றியல் செழித்த குமரி மண்ணுக்கு இது அழகன்று என்பது நம் எண்ணம்.

உரைநடை சற்று முன்னே சென்றுள்ளது. ஜெயமோகனின் 'நூறு நாற்காலிகள்' (2011) இம்மண்ணின் கதை. நாயாடி ஒருவன் இந்திய ஆட்சிப் பணிக்கு வந்த பின்னும், மகன் நாற்காலியில் அமர்வதைக் கண்டு அஞ்சுகிறாள் அவனைப் பெற்றவள். மட்டீர் எழுதிய வாய்பொத்தும் கை நூறாண்டு கழித்தும் அவள் உடலில் இறங்கியிருக்கிறது. சில இடங்களில் ஆசிரியர் சொற்பெருக்கைக் கட்டியிருக்கலாம். ஆயினும் அத்தாயின் அச்சத்தை அவர் அழகுபடுத்தவில்லை.

காரோட்டிலிருந்து சில மணி நேர நடையில் வெங்ஙானூர். அய்யங்காளி பிறந்த ஊர் (1863). புலையர் ஏறக்கூடாத வில்வண்டியை 1893இல் அரச பாதையில் ஓட்டியவர் அவர். நெய்யாற்றின்கரையை அடுத்த ஊருட்டம்பலம் பள்ளிக்குப் பஞ்சமி என்னும் சிறுமியை அவர் அழைத்துச் சென்றார். அவள் அமர்ந்த பள்ளிக்கூடத்துக்கு மேற்சாதியார் தீயிட்டனர். அத்தீயில் எரிந்தது போக எஞ்சிய பலகை இருக்கை ஒன்று அப்பள்ளியில் பாதுகாக்கப்பட்டு வருகிறது.