ஒசரம் சரி, காத்தைக் காணோம்

இந்த விஆர் ஹெட்செட்டை வாங்கி ஆறு வாரம் ஆகிறது. சிப் என்ன, ஒரு கண்ணுக்கு எத்தனை பிக்சல் என்பதெல்லாம் யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது. அரைக் கிலோ எடை, இரண்டு மணி நேரம் நிற்கும் பேட்டரி, வயர் கிடையாது. இவ்வளவு போதும்.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். சாத்தான்குளத்து வெயிலை நினைத்துச் செய்த பொருள் அல்ல இது. மாட்டிய பத்தாவது நிமிடத்தில் நெற்றி வியர்வை ஸ்பாஞ்சில் ஊறி, லென்ஸில் ஆவி படிந்துவிடுகிறது. கழற்று, துடை, மறுபடியும் மாட்டு. மூன்றாவது வாரமே முகப்பட்டை நாற ஆரம்பித்தது. மாற்றுப் பட்டைக்குக் கம்பெனி கேட்கிற விலையில் ஒரு நல்ல ஹெட்போனே வாங்கிவிடலாம். மெனுவில் தமிழும் இல்லை. இதே கம்பெனியின் பழைய மாடலை மூன்று வருடம் வைத்திருந்தவன் என்ற உரிமையில் கேட்கிறேன்: உங்கள் ஆட்கள் ஒரு சித்திரை மாதம் இங்கே வந்து இதைப் போட்டுப் பார்க்க வேண்டாமா?

இத்தனை எரிச்சலுக்குப் பிறகும் நான் இதை விற்காமல் வைத்திருப்பதற்குக் காரணம் ஒரு பலகை.

‘ரிச்சீஸ் பிளாங்க் எக்ஸ்பீரியன்ஸ்’ ஆஸ்திரேலியாவில் செய்த சின்ன ஆப். லிஃப்டில் நிற்கிறோம், பொத்தானை அழுத்துகிறோம். கதவு திறந்தால் பெரிய கட்டடத்தின் உச்சி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றைப் பலகை. அதில் நடக்க வேண்டும், அவ்வளவுதான். வீட்டு மொசைக் தரையில்தான் நிற்கிறோம் என்று மூளைக்குத் தெரியும். காலுக்குத் தெரியாது. முதல் நாள் என்னால் இரண்டடிக்கு மேல் போக முடியவில்லை.

1968இல் ஐவன் சதர்லேண்ட் கூரையிலிருந்து தொங்கவிட்ட கருவியில் வெறும் கோடுகள்தான் தெரிந்தன. அங்கிருந்து இந்தப் பலகை வரை, எல்லாரும் துரத்தியது இந்த ‘அங்கேயே இருக்கிற’ உணர்வைத்தான். மெல் ஸ்லேட்டர் என்ற ஆய்வாளர் 2009இல் அதை இரண்டாகப் பிரித்துச் சொன்னார். நான் இந்த இடத்தில் இருக்கிறேன் என்பது ஒன்று. இங்கே நடப்பது நிஜமாகவே நடக்கிறது என்பது இன்னொன்று. முதலாவதைக் கருவி தந்துவிடும். தலை திரும்பினால் சுமார் 20 மில்லி விநாடிக்குள் காட்சியும் திரும்ப வேண்டும், அதை இது நன்றாகவே செய்கிறது. இரண்டாவது அவ்வளவு சுலபத்தில் வராது. அதை எனக்குப் புரியவைத்தவர் பக்கத்து வீட்டுத் தாத்தா.

எழுபதைத் தாண்டியவர். தேரிக்காட்டுப் பக்கத்து விளைகளில் முப்பது வருஷம், காலையும் மாலையும் பனையேறியவர். செட்டை மாட்டிவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கதவு திறந்ததை டிவியில் நானும் பார்த்தேன். தாத்தா சத்தமே போடவில்லை. அவர் பாதத்தைக் கவனித்தேன். பத்து விரலும் மடங்கி மொசைக்கைக் கவ்விக்கொண்டிருந்தன. இரண்டு கையும் மெல்ல எழுந்து, நெஞ்சுக்கு முன்னால் வட்டமாக வளைந்து நின்றன. அங்கே இல்லாத மரத்தை அவர் அணைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன தாத்தா தெரியுது?”

“கீழ காரு போவுது, எறும்பு கணக்கா.” கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: “ஒசரம் சரிதான் தம்பி. காத்தைக் காணோமே. இவ்ளோ ஒசரத்துல காத்து இல்லாம இருக்குமா?”

டேபிள் ஃபேனை இழுத்துவந்து அவருக்கு நேரே இரண்டாம் நம்பரில் வைத்தேன். வேட்டி படபடத்தது. தாத்தாவின் முழங்கால் லேசாக மடங்கியது. உடம்பு இடதும் வலதுமாக ஆட ஆரம்பித்தது, ஆடி மாத மேக்காத்தில் பனை ஆடுகிற அதே நிதானத்தில். விழுந்துவிடப் போகிறாரே என்று பிடியை இறுக்கினேன்.

“விடுடே. மரம் ஆடுத பக்கம் நாமளும் ஆடணும்.”

கழற்றிய பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, உச்சியில் என்ன வேலை என்று சொல்லத் தொடங்கினார். இடது கையால் பாளையை வளைத்துப் பிடிக்கிறார், வலது கையால் மெல்லிசாகச் சீவுகிறார், சுண்ணாம்பு தடவிய கலசத்தை மாட்டுகிறார். எல்லாம் வெறுங்கை. அப்போது என் உள்ளங்கால் கூசியது. பலகையில் நின்றபோதுகூட அப்படிக் கூசவில்லை.

அன்றிலிருந்து ஃபேன் இல்லாமல் நான் இதைப் போடுவதில்லை. லென்ஸில் ஆவி படிவதும் பாதி குறைந்துவிட்டது.

வாங்கலாமா? படம் பார்க்க மட்டும் என்றால் வேண்டாம், டிவி போதும். ஆறடிக்கு ஆறடி காலி இடம், ஒரு டேபிள் ஃபேன், தோளைப் பிடிக்க ஒரு ஆள் மூன்றும் இருந்தால் தாராளமாக வாங்குங்கள்.

நெல்லையிலும் தூத்துக்குடியிலும் யூனிட்டி, அன்ரியல் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். எங்களுக்கு ஒரு பனையைச் செய்துகொடுங்கள். அது காற்றில் ஆட வேண்டும், கலசத்தில் பதநீர் சொட்டுகிற சத்தம் கேட்க வேண்டும். சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லத் தாத்தா சம்மதித்திருக்கிறார். காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பார்.