ஆடம்ஸ் வீட்டுக் கடிதங்கள்

பழைய கடிதங்களைக் கட்டிப் பரணில் போட்டு மறந்துவிடும் குடும்பங்களே அதிகம். அமெரிக்காவின் இரண்டாவது அதிபர் ஜான் ஆடம்ஸின் வாரிசுகள் அப்படி விடவில்லை. தலைமுறை தலைமுறையாகக் காத்த காகிதங்களை 1956-இல் பாஸ்டனிலுள்ள மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்திடம் ஒப்படைத்தார்கள்.

ஜானும் மனைவி அபிகெயிலும் எழுதிக்கொண்டவை மட்டுமே ஆயிரத்தைத் தாண்டும். எனக்கு மிகப் பிடித்தவை, கல்யாணத்துக்கு முந்தைய 1764-ஆம் ஆண்டுக் கடிதங்கள். பெரியம்மைக்கு அம்மை குத்திக்கொண்டு ஜான் பாஸ்டனில் தனித்திருந்தார். காகிதத்தோடு நோயும் வந்துவிடுமோ என்று அபிகெயிலின் தாய்க்குப் பயம். அதனால் ஜானின் கடிதங்களுக்குப் புகை காட்டிய பிறகே பிரிப்பார்கள். அந்தப் பயத்துக்கு நடுவிலும் இருவரும் எவ்வளவு கொஞ்சிக்கொள்கிறார்கள்!

மகன் ஜான் குயின்சி ஆடம்ஸ் 12 வயதில் தொடங்கிய நாட்குறிப்பு 51 தொகுதிகள். தன் நூல்களுக்குத் தீப்பிடிக்காத கட்டடம் வேண்டுமென்று உயிலில் கேட்டிருந்தார். குயின்சி நகரில், குடும்ப வீட்டை ஒட்டி, 1870-இல் அந்தக் கல் நூலகத்தைக் கட்டினார்கள். 1946-இல் வீடு அரசுடைமையானது.

கடிதங்களையும் நாட்குறிப்பையும் சங்கம் இணையத்தில் இலவசமாகவே தருகிறது. அபிகெயிலிடமிருந்து தொடங்குங்கள்; அந்த வீட்டில் நன்றாக எழுதியவர் அவர்தான்.